டப், ஊம், ஸ்ஸ்: கிட்டார் பெடலுக்குள் ஒளிந்திருக்கும் ஒலிகள்

பலெர்மோ ரயில் நிலையத்திலிருந்து மாஸ்ஸிமோ இசைநாடக அரங்கு வரை ஒரே நேர்கோடாகப் போகிறது வியா மக்வேதா. 1600ஆம் ஆண்டு வாக்கில் சிசிலியை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் மக்வேதா பிரபுவின் பெயர் அது. குவாத்ரோ கான்தி நாற்சந்தியைத் தாண்டி வடக்கே நடந்தால் வண்டிகள் இல்லை. மாலையில் தெருக் கலைஞர்கள் பேட்டரி ஆம்ப்பை வைத்துக்கொண்டு கிட்டார் வாசிக்கிறார்கள். பக்கத்துப் பள்ளரோ சந்தையிலிருந்து பையோடு திரும்பும் ஈழத் தமிழ்க் குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. வாசிப்பவர் காலடியில் கையகல உலோகப் பெட்டிகள் சில. ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும், ஒன்று எதிரொலி சேர்க்கும். காலால் மிதித்தால் வேலை செய்யும், மறுபடி மிதித்தால் ஒதுங்கிக்கொள்ளும். இவைதான் பெடல்கள்.

மிதிக்கும் அந்தக் கணத்தில் சில பெடல்களிலிருந்து ‘டப்’ என்று ஒரு ஒலி கிளம்பும். மெல்லிய பாட்டு என்றால் அந்த ஒரு ‘டப்’ போதும், கேட்பவர் மனம் கலைந்துவிடும். ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று பலர் புது ஸ்விட்ச் வாங்கி மாட்டுகிறார்கள். சத்தம் போவதில்லை. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறான்.

பெடலின் சுற்று பெரும்பாலும் 9 வோல்ட்டில் ஓடுகிறது. ஒலி மேலும் கீழும் அசைய இடம் வேண்டுமென்று உள்ளே அதை நடுவில், 4.5 வோல்ட்டில், நிறுத்திவைக்கிறார்கள். வெளியே கிட்டாரின் பக்கம் நிலையான மின்னழுத்தம் கிடையாது. இந்த இரண்டு உலகங்களையும் பிரித்துவைக்க வாசலில் ஒரு கெபாசிட்டர் நிற்கிறது. அதிர்வை விடும், நிலை மின்னழுத்தத்தைத் தடுக்கும். ஆனால் முழுக்கத் தடுக்கும் கெபாசிட்டர் உலகத்தில் இல்லை. எல்லாமே துளித்துளியாகக் கசியும். பெடல் ஒதுங்கியிருக்கும்போது கெபாசிட்டரின் வெளிப்புறக் கால் எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது. சொட்டும் குழாயின் கீழ் வைத்த குடம் போல அங்கே மின்னூட்டம் மெல்ல நிரம்புகிறது. ஸ்விட்சை மிதித்ததும் நிரம்பியது முழுவதும் ஒரே பாய்ச்சலாக ஆம்ப்புக்குள் கொட்டுகிறது. நாம் கேட்கும் ‘டப்’ அதுதான்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். ஸ்விட்சை விடாமல் நாலைந்து தரம் மிதித்துப் பாருங்கள். சத்தம் தேய்ந்து மறைந்து, சற்று நேரம் கழித்து மிதித்தால் திரும்பி வந்தால், கசிவேதான். கெபாசிட்டரின் அந்த வெளிப்புறக் காலுக்கும் எர்த்துக்கும் நடுவே 10 லட்சம் ஓம் மதிப்புள்ள ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்தால் சேரச் சேர வடிந்துவிடும். கிட்டார் ஒலிக்கு அந்தப் பாதை ஏறக்குறைய அடைத்த கதவுதான். அதனால் இசை குறையாது. பெடலிலேயே மிக மலிவான பாகங்களில் ஒன்று இந்த வேலையைச் செய்கிறது.

எத்தனை தரம் மிதித்தாலும் சத்தம் தேயவில்லையா? அடுத்ததாக அந்தச் சின்ன எல்.இ.டி. விளக்கைச் சந்தேகிக்க வேண்டும். பெடலில் வழக்கமாக இருக்கும் ஸ்விட்சுக்கு ஒன்பது கால்கள். அதில் ஆறு ஒலிக்கு, மூன்று விளக்குக்கு. விளக்கு எரிந்ததும் சில மில்லிஆம்பியர் மின்னோட்டம் திடீரென எர்த் ஒயர் வழியே ஓடுகிறது. அதே ஒயரைத்தான் ஒலியும் பயன்படுத்துகிறது. 10 மில்லிஆம்பியர், ஓமில் நூறில் ஒரு பங்கு தடையுள்ள ஒயரில் ஓடினால் எழுவது 0.1 மில்லிவோல்ட். கிட்டார் தருவதோ சுமார் 100 மில்லிவோல்ட். ஆயிரத்தில் ஒரு பங்குதானே என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் கரகரப்புப் பெடல்கள் சிற்றொலியை ஆயிரம் மடங்கு பெருக்கக்கூடியவை. கிட்டாரின் ஒலி உச்சவரம்பில் முட்டி வெட்டுப்பட்டுவிடுகிறது, அந்த 0.1 மில்லிவோல்ட் முழுதாக வளர்ந்து வெளியே வருகிறது.

பாஸ் நிறுவனம் 1977இல் கொண்டுவந்த சிறிய பெடல்கள் இந்தச் சிக்கலைச் சுற்றிப் போயின. அவற்றில் கால் அழுத்துவது ஒரு செய்தியை மட்டுமே அனுப்பும். ஒலியின் பாதையை மாற்றுவது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர். ஒரு பாதை மெல்லத் தணிய, மற்றது எழுகிறது. பல பெடல்களை ஒரே மிதியில் மாற்றித்தரும் ஸ்விட்ச் பெட்டிகளில் ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள், உண்டு. ரிலேயின் உலோக நாக்கு போய்த் தொட்டதும் சும்மா நிற்காது. சில நொடித் துணுக்குகள் துள்ளித் துள்ளித்தான் அடங்கும். நல்ல பெட்டி, அது துள்ளி முடியும்வரை ஒலியையே ஊமையாக்கி வைத்திருக்கும். காதுக்கு அந்த இடைவெளி தெரிவதில்லை.

‘டப்’பை விட எனக்கு வியப்பு தருவது ‘ஊம்’. இத்தாலி, இந்தியா, இலங்கை மூன்றிலும் மின்சாரம் நொடிக்கு 50 தரம் முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது. அதன் காந்தப்புலம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் சுருளில் பட்டால் 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்கும். பெடலுக்கு மின்சாரம் தரும் அடாப்டருக்குள் அதை நேராக்கும்போது கீழ்ப்பாதி அலையும் மேலே மடிவதால், வடிகட்டல் மோசமான அடாப்டரிலிருந்து வருவது 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியை மூன்றாவது கட்டில் அழுத்தி மீட்டுங்கள். சுருதி சரியாக இருந்தால் அது 98 ஹெர்ட்ஸ். முனகல் அதோடு ஒட்டி, நொடிக்கு இரண்டு தரம் தளும்பினால் அடாப்டரைப் பாருங்கள். ஒரு ஸ்தாயி தாழ்ந்து கேட்டால், அதாவது அதே ஸ்வரம் கீழ் ஸ்தாயியில் ஒலித்தால், பிக்கப்பையோ எர்த்தையோ பாருங்கள். பெடலுக்கு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பார்ப்பது இன்னும் எளிய சோதனை.

கிட்டாரோடு மெல்லத் திரும்பி நின்றால் முனகல் கூடிக் குறைகிறதா? பிக்கப் ஆன்டெனாவாக வேலை செய்கிறது. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் இதற்கு அழகான விடை கண்டார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், காந்த முனைகளும் எதிரெதிர். வெளியிலிருந்து வரும் முனகல் இரண்டிலும் எதிராகப் பிறந்து அழிகிறது. கம்பியின் அதிர்வு இரண்டு தரம் திருப்பப்பட்டுக் கூடுகிறது. தேவையற்றதை மட்டும் கழிக்கும் இந்தக் கணக்கை நினைக்கும்போதெல்லாம் மகிழ்ச்சியாக இருக்கிறது.

வியா மக்வேதாவில் பேட்டரியில் வாசிப்பவருக்கு ஒரு தொல்லை மட்டும் வராது. அதே பெடல்களை ஒரு கூடத்துக்குள் கொண்டுபோய் ஆம்ப்பை ஒரு சுவரிலும் மிக்சரை எதிர்ச் சுவரிலும் செருகினால், இரண்டு எர்த்துகளும் கேபிளின் உறை வழியே சேர்ந்து ஒரு வளையமாகும். அறையின் மின்கம்பிகள் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும்; முனகல் எழும். எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகுவதும், ஒலிப்பாதையில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பிரிப்பதும் சரியான வழிகள்.

எர்த் காலை வெட்டுவது வழியே இல்லை. இத்தாலிய பிளக்கில் வரிசையாக நிற்கும் மூன்று குச்சிகளில் நடுவில் இருப்பதும், நம் ஊர் மூன்று கால் பிளக்கில் பருத்து நிற்பதும் எர்த். அதை எடுத்தால் முனகல் போகும், உண்மைதான். 1972இல் ஸ்வான்சி நகர மேடையில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். கோயில் திருவிழா மேடைகளில் அந்தக் கால் உடைக்கப்பட்ட பிளக்குகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது.

பழுதின் ஒலி எல்லாமே விரட்டப்பட வேண்டியது என்றும் சொல்ல முடியாது. நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் ஒரு பாடல் பதிவின்போது மிக்சரில் ஏதோ பழுதாகி, கிரேடி மார்ட்டினின் பேஸ் கிட்டார் கரகரத்து ஒலித்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். 1961இல் பாட்டு வென்றது. ஒலிப்பொறியாளர் கிளென் ஸ்னாடி அந்தப் பழுதையே வேண்டுமென்று உண்டாக்கும் சுற்றை அமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ் டோன் என்ற பெயரில் பெடலாக வந்தது.

எல்லாக் கோளாறும் தீர்ந்தபின் மெல்லிய ‘ஸ்ஸ்’ மிச்சமிருக்கும். அது வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் அலைவதன் ஒலி. பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்து, நைக்விஸ்ட் கணக்கிட்டு, 1928இல் வெளியிட்டார்கள். 10,000 ஓம் தடை, அறை வெப்பத்தில், காது கேட்கும் எல்லை முழுவதும் தருவது சுமார் 2 மைக்ரோவோல்ட். குளிரவைத்தால் குறையும், கிட்டாரைக் குளிரவைக்க முடியாது. ஆகவே வரிசையில் முதலில் நிற்கும் பெடல் எவ்வளவு அமைதியானது என்பதில்தான் கவனம் வேண்டும். அது சேர்க்கும் ‘ஸ்ஸ்’ஸைத்தான் பின்னால் வரும் ஒவ்வொரு பெடலும் பெருக்கிக்கொண்டே போகிறது.