ஊட்டி இறக்கத்துல நியூட்ரல் போடுறீங்களா? டீசலும் மிச்சமாகாது, பிரேக்கும் மிச்சமாகாது!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊட்டி ட்ரிப் முடிஞ்சு குன்னூர் தாண்டி பர்லியார் பக்கம் இறங்கிட்டிருந்தோம். ஜன்னலைத் திறந்தா ஜில்லுனு காத்து வரணும். வந்தது என்னவோ கருகுற வாடை. ஓரமா ஒரு டீக்கடையில நிறுத்தினேன். முன்சக்கரத்துகிட்ட கையைக் கொண்டுபோனாலே அனல் அடிச்சுது.

பக்கத்துல நின்ன டாக்ஸி டிரைவர், வயசான மனுஷர், சக்கரத்தைப் பார்த்துட்டு மெதுவா கேட்டார்: “ஏனுங் தம்பி, எந்த கியர்ல வந்தீங்க?”

“இறக்கம்தானேண்ணா... நியூட்ரல்ல விட்டேன். டீசல் மிச்சமாகும்ல?”

அவர் சிரிக்கலை. “ஏறுன கியர்லதான் இறங்கோணுமுங்க. பிரேக்கை நம்பி மலை இறங்கக் கூடாது” என்றார். அன்னிக்குத் தப்பிச்சது எங்க அதிர்ஷ்டம். அவர் சொன்ன ஒற்றை வரிக்குப் பின்னாடி இருக்குற கணக்கை அப்புறம்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

80 லிட்டர் தண்ணி கொதிக்கிற சூடு

ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். ஆட்களோட சேர்த்து 1,500 கிலோ இருக்குற கார், கிட்டத்தட்ட 1,900 மீட்டர் கீழே இறங்குது. அந்த உயரத்துல சேர்ந்திருக்குற ஆற்றல், சுமார் 80 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காத்தும் டயரும் அதுல ஒரு பங்கை வாங்கிக்கும். மிச்சத்தை இன்ஜின் தாங்கணும், இல்லைன்னா பிரேக் தாங்கணும். நியூட்ரல்ல விட்டா இன்ஜின் விலகிக்குது. மொத்தச் சூடும் கையகல பிரேக் பேடுகள் தலையில விழுது.

பேடு அளவுக்கு மீறிச் சூடானா பிடிமானம் குறையும். எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காத மாதிரி இருக்கும். இதைத்தான் ‘பிரேக் ஃபேட்’னு சொல்றாங்க. இன்னொரு ஆபத்தும் இருக்கு. புது ‘டாட் 4’ பிரேக் ஆயில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஆனா, அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஈரம் ஏறின ஆயில் 155 டிகிரிக்குப் பக்கத்துலயே கொதிச்சிடலாம். கொதிச்சா லைன்ல ஆவிக் குமிழ் உருவாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிடும். பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்றது இதுக்காகத்தான்.

டீசல் உண்மையிலேயே மிச்சமாகுதா?

இல்லை. இன்னிக்கு ஓடுற காமன் ரெயில் டீசல் கார்கள்ல, கியர்ல இருக்கும்போது ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா, கம்ப்யூட்டர் டீசலை மொத்தமா நிறுத்திடும். உருள்ற சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்கும். நியூட்ரல்ல போட்டா அந்த இணைப்பு அறுந்துபோகுது. இன்ஜின் அணையாம இருக்க, ஐடிலிங்குக்கு டீசல் ஊத்தியே ஆகணும். அதாவது, மலை இறக்கத்துல செலவு வைக்கிறதே நியூட்ரல்தான்!

இன்ஜினையே ஆஃப் பண்ணிட்டு உருட்டுறது இதைவிட மோசம். பிரேக்கை லேசா மிதிச்சா போதும்ங்கிற சௌகரியத்தைத் தர்ற வாக்குவம், இன்ஜின் ஓடினாதான் கிடைக்கும். அது நின்னா, சில மிதிக்கு அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துப் போகும். சாவியை முழுசாத் திருப்பி எடுத்துட்டா ஸ்டீயரிங்கே பூட்டிக்கலாம்.

டீசல்காரங்க கவனிக்க வேண்டிய விஷயம்

பெட்ரோல் இன்ஜின்ல காலை எடுத்ததும் காத்து போற வழி மூடிக்கும். பிஸ்டன் மூச்சு முட்டி இழுக்கும். அந்தத் திணறல்தான் வண்டியைப் பிடிச்சு நிறுத்துது. டீசல்ல அந்த வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். உள்ளே அமுக்கப்படுற காத்தும் ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளிடும். மிஞ்சுறது பெரும்பாலும் இன்ஜினோட உராய்வுதான். லாரி, பஸ்கள்ல தனியா ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ வைக்கிறது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

அதனால, டர்போ டீசல் மூணாவது கியர்ல சுலபமா ஏறிச்சுன்னு அதே மூணுல இறங்கினா, சில இடத்துல பிடிமானம் பத்தாது. வண்டி தானா வேகம் எடுத்தா ரெண்டாவதுக்கு வந்துடுங்க. இன்ஜின் 2,500 - 3,000 ஆர்.பி.எம்-ல உறுமுதேன்னு பயப்பட வேண்டாம். சிவப்புக் கோடு வரைக்கும் போகாம பார்த்துக்கிட்டா போதும்.

நம்ம மலை ரயிலை நினைச்சுப் பாருங்க. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் ஓட ஆரம்பிச்ச ரயில் அது. கல்லாறு - குன்னூர் செங்குத்துல, இன்ஜினோட பல்சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவுல இருக்குற பல்லைக் கவ்விக்கிட்டேதான் ஏறுது. இறங்குறப்பவும் அதே கவ்வல்தான். நம்ம கார்ல அந்தப் பல், கியர்.

இறங்கும்போது இதைச் செய்யுங்க

* இறக்கம் தொடங்குறதுக்கு முன்னாடியே கியரைக் குறைங்க. வேகம் எடுத்த பிறகு குறைக்கிறது கஷ்டம். அஞ்சுல இருந்து நேரா ஒண்ணுக்குத் தாவாதீங்க.
* கிளட்ச் மேல காலை வைக்காதீங்க. கிளட்ச்சை முழுசா மிதிச்சா அதுவும் நியூட்ரல்தான்.
* பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காம, அழுத்தி வேகத்தைக் குறைச்சு, விட்டுடுங்க. அடுத்த வளைவு வரைக்கும் அது ஆறட்டும்.
* குறுகலான இடத்துல ஏறி வர்ற வண்டிக்கு வழிவிடுங்க. அதுதான் சாலை விதி.
* கருகுற வாடை வந்தா, அகலமான இடத்துல நிறுத்தி நல்லா ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் வளைஞ்சிடலாம். ரிவர்ஸ் கியர் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமா எடுத்துப் போடுங்க. பின்னாடி பைக்ல வர்றவர் உயிரும் முக்கியம்.
* பிரேக் பிடிக்கலையா? பெடலைத் திரும்பத் திரும்ப மிதிங்க. கியரை ஒவ்வொண்ணாக் குறைங்க, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழுங்க. ஹாரனையும் நாலு இண்டிகேட்டரையும் போட்டு, மலைச்சுவர் பக்கமா ஒதுங்குங்க.

ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. திம்பத்துல 27. கொல்லிமலையில 70. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரு மலை இருக்கு. ஏறும்போது இன்ஜின் திணறுனா நாமளே கியரைக் குறைச்சிடுவோம், அது சொல்லிக்காட்டும். இறங்கும்போது பிரேக் எதையும் சொல்லாது. வாடை வர்ற வரைக்கும் சும்மா இருக்கும்.

அடுத்த வாரம் மலைக்குக் கிளம்புறீங்கன்னா, அந்தப் பெரியவர் சொன்னதை ஞாபகம் வச்சுக்கங்க: பிரேக்கை நம்பி மலை இறங்கக் கூடாதுங்க!