மூடிய கடையின் வீராங்கனைகள்

அமெரிக்கக் கடைச் சங்கிலி ஒன்று 2018-ல் கதவடைத்தது. அங்கே மட்டும் விற்ற சூப்பர் ஹீரோ பொம்மைகளைத் தேடுவோர் பெங்களூரிலும் உண்டு.

பழைய பெயர்களை அவ்வளவு எளிதில் விட்டுவிடும் பேட்டையல்ல பிரேசர் டவுன். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரில் 1910-ல் எழுந்த இந்தப் பகுதிக்குப் பிற்பாடு புலிகேசி நகர் என்று பெயர் சூட்டினார்கள். அரசுப் பலகைகள் மாறின. ஆட்டோக்காரரிடம் இன்னமும் 'பிரேசர் டவுன்' என்றுதான் சொல்ல வேண்டும். தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் ஒரே தெருவில் புழங்கும் இந்தப் பேட்டையில், காணாமல் போன கடையின் பெயரை ஒருவர் பொக்கிஷமாகக் காத்தால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் கடை, டாய்ஸ் ஆர் அஸ்.

மார்வெல், டிசி காமிக்ஸ் வீரர்களின் பொம்மைகளைச் சேர்ப்பவர்கள் வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, பொம்மை யாருடையது என்பது. மற்றது, பெட்டியின் மூலையில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர். 'இந்தக் கடையில் மட்டும்' என்று அது சொன்னால் மதிப்பே வேறு.

இந்த ஏற்பாட்டின் பின்னணி எளிமையானது. ஒரு பொம்மைக்கு அச்சு செய்வதுதான் பெரும் செலவு. எனவே தயாரிப்பாளர்கள் இருக்கும் அச்சையே எடுத்து, வேறு வண்ணம் பூசி, தலையை மாற்றி, புதுப் பெட்டியில் போடுகிறார்கள். கடைச் சங்கிலி மொத்தமாக வாங்கிக்கொள்வதாக வாக்குத் தருகிறது. பதிலுக்கு அந்தப் பொம்மை வேறெங்கும் கிடைக்காது. வாடிக்கையாளர் இந்தப் படியை மிதித்தே ஆக வேண்டும். தயாரிப்பாளருக்கும் நஷ்ட பயமில்லை. அதிகம் விற்காது என்று ஒதுக்கப்படும் பாத்திரங்களுக்கு இந்த வழியில்தான் பல சமயம் உயிர் கிடைக்கிறது.

நல்ல உதாரணம், ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2017-ல் டாய்ஸ் ஆர் அஸ் கடைகளுக்கென்றே தயாரித்த 'ஏ-ஃபோர்ஸ்' பெட்டி. ஷீ-ஹல்க், சிஃப், மோனிகா ராம்போ, எல்சா பிளட்ஸ்டோன், சிங்குலாரிட்டி, பெண் வடிவ லோகி என ஆறு பேர். ஆண் வீரர்களே அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் மட்டுமே கொண்ட இந்த அணிக்குத் தனிப் பெட்டி கிடைத்தது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பெட்டி விற்பனைக்கு வந்த ஆண்டிலேயே, செப்டம்பரில், கடை திவால் மனு போட்டது.

சார்லஸ் லாசரஸ் 1948-ல் வாஷிங்டனில் குழந்தைகளுக்கான மரச்சாமான் கடையாகத் தொடங்கிய வியாபாரம் இது. டாய்ஸ் ஆர் அஸ் என்ற பெயர் 1957-ல் வந்தது. இணைய வியாபாரம்தான் அதைக் கொன்றது என்பது பொதுவான பேச்சு. அது பாதி உண்மை. கே.கே.ஆர்., பெயின் கேப்பிடல், வொர்னாடோ ஆகிய மூன்று முதலீட்டு நிறுவனங்கள் 2005-ல் சுமார் 660 கோடி டாலருக்கு இந்தச் சங்கிலியை வாங்கின. வாங்கக் கடனாகப் பெற்ற பணத்தின் சுமை கடையின் தலையிலேயே விழுந்தது. ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் வட்டிக்கே போனது. கடையைப் புதுப்பிக்கக் காசு மிஞ்சவில்லை.

மொத்தமாக மூடப்போவதாக 2018 மார்ச் 15-ல் அறிவிப்பு வந்தது. ஒரு வாரத்தில் லாசரஸ் தனது 94-வது வயதில் காலமானார். ஜூன் 29-ல் அமெரிக்காவின் கடைசிக் கடைகளும் அடைக்கப்பட்டன. வேலையிழந்தவர்கள் 30,000 பேருக்கு மேல். வேலைநீக்க ஈட்டுத்தொகை கிடையாது என்று கைவிரிக்கப்பட்ட ஊழியர்கள் தெருவுக்கு வந்து போராடிய பிறகு, கே.கே.ஆரும் பெயின் கேப்பிடலும் 2 கோடி டாலர் நிதி ஒதுக்கின. அந்த ஆண்டு ஹாஸ்ப்ரோவின் விற்பனையும் 12 சதவீதம் சரிந்தது.

பெங்களூருக்கு இந்தக் கதையில் ஒரு விசித்திரமான இடமுண்டு. தாய் நிறுவனம் திவால் மனு போட்ட அடுத்த மாதமே, 2017 அக்டோபரில், இந்தியாவின் முதல் டாய்ஸ் ஆர் அஸ் கடை திறக்கப்பட்டது இந்த ஊரில்தான். டேபிள்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டியில் திறந்தது. பிரேசர் டவுனிலிருந்து பழைய மதராஸ் சாலையைப் பிடித்து, டின் ஃபேக்டரியைத் தாண்டினால் போய்விடலாம். உரிமம் பெற்ற கடை என்பதால் அமெரிக்காவில் நேர்ந்த மரணம் இதை உடனே தொடவில்லை. அமெரிக்காவிலும் 2022-ல் மேசிஸ் கடைகளுக்குள் அந்தப் பெயர் மீண்டும் தலைகாட்டியது. பெயர் பிழைத்துக்கொண்டது. பழைய ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் மட்டும் இனி பிறக்கப்போவதில்லை. அதுதான் தேடலுக்குக் காரணம்.

தேடல் மலிவானதும் அல்ல. வெளிநாட்டில் ஏற்கனவே ஏறிய விலை, தபால் செலவு, அதற்கு மேல் சுங்கம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு 2020-ல் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்த்தியது. உள்நாட்டுத் தொழிலைக் காப்பதும், தரமற்ற பொம்மைகள் குழந்தைகளின் கைக்குப் போகாமல் தடுப்பதும் அரசின் நோக்கம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயமானது. நியாயமான நோக்கம்தான். ஆனால் இறக்குமதிப் பொம்மைகளின் விலை அதனால் ஏறியது.

வேடிக்கை என்னவென்றால், இதே தேடல் எதிர்த்திசையிலும் நடக்கிறது. சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் கூட்டுடன் 1987-ல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ வீரர்களை அது இந்தியாவில் தயாரித்து விற்றது. அச்சு அமெரிக்காவினுடையது. வண்ணம் பல சமயம் நம்முடையது. அங்கே பச்சைச் சீருடையில் வந்தவர் இங்கே வேறு நிறத்தில் வருவார். அந்த நிறங்களுக்காகவே ஃபன்ஸ்கூல் வீரர்களைத் துரத்தும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். நம்மூர்க் குழந்தைகள் மண்ணில் புரட்டி விளையாடிய சரக்கு, அவர்களுக்கு 'இந்தியாவில் மட்டும்'!

ஆக, அரிய பொருளை உருவாக்குவது கலைஞரின் திறமை மட்டுமல்ல. யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று போடப்படும் கோடும்தான். அந்தக் கோட்டைக் கடை போடலாம், நாடு போடலாம். கடையே செத்துவிட்டால் கோடு நிரந்தரமாகிவிடுகிறது. அப்படி ஏறும் விலையில் ஒரு பைசாவும் பொம்மையை வடித்தவருக்கோ, கல்லாவில் நின்று விற்று வேலையிழந்தவருக்கோ போவதில்லை. வாங்கி வைத்திருந்தவருக்கே எல்லாம்.

காலமும் சும்மா இருப்பதில்லை. பிளாஸ்டிக்கை நெகிழ வைக்கச் சேர்த்த ரசாயனம் வெப்பத்தில் கசிந்து, பொம்மை பிசுபிசுக்கும். பழைய ஜி.ஐ. ஜோ வீரர்களின் இடுப்பைப் பிடித்திருப்பது ஒரு சிறு ரப்பர் வளையம். அது இற்றுப்போனால் வீரர் இரண்டு துண்டு. புது வளையம் போட்டால் எழுந்து நிற்பார். பிரேசர் டவுன் வீட்டுப் பரணில் அப்படி ஒருவர் கிடந்தால், பழைய பேப்பர்காரரின் மூட்டையில் போடும் முன் ஒருமுறை யோசிப்பது நல்லது.