அடுத்து எங்கே? காஞ்சியில் நின்று யோசித்தவர்கள்

பிழைக்கப் போன இடம் கசந்து விட்டால் என்ன செய்வது?

ஊருக்கே திரும்புவதா? இன்னொரு நாட்டைப் பார்த்துப் போவதா? அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருப்பதா?

துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளில் இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. ஆனால் இது நேற்று முளைத்த கேள்வி அல்ல. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சீபுரத்தில் சிலர் இதே கேள்வியோடு நின்றார்கள்.

ஒருவர், சீனத் துறவி யுவான் சுவாங். இன்னொருவன், இலங்கை இளவரசன் மானவர்மன். இவர்கள் தவிர, சொந்த நாட்டை விட்டு வந்த புத்த பிக்குகள் 300 பேர்.

அப்போது காஞ்சியை ஆண்டவன் பல்லவ மன்னன் நரசிம்மவர்மன். மாமல்லன் என்றால் குழந்தைக்கும் தெரியும். மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்தவன் அவன்தான்.

சொல்லாமல் கிளம்பியவர்

யுவான் சுவாங் சீனாவில் இருந்து கிளம்பியது சுமார் 629-ம் ஆண்டில். அப்போது நாட்டின் எல்லையைத் தாண்டக் கூடாது என்று அரசாங்கம் தடை போட்டு இருந்தது. அவர் யாருக்கும் சொல்லாமல் கிளம்பி விட்டார்.

காரணம், படிப்பு. சீனாவில் கிடைத்த புத்த மத நூல்களில் ஒன்றுக்கொன்று முரண் இருந்தது. ஒரு குரு ஒரு விதமாகச் சொன்னார். இன்னொருவர் வேறு விதமாகச் சொன்னார். "யோக சாத்திரம்" என்ற பெரிய நூலின் உண்மையான பொருளை, அது பிறந்த நாட்டுக்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவர் நினைத்தார்.

பாலைவனம், பனிமலை, வழிப்பறிக்காரர்கள் எல்லாவற்றையும் கடந்து நாலந்தாவுக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த குரு சீலபத்திரர். நூறு வயதைத் தாண்டிய கிழவர்! அவரிடம் யோக சாத்திரத்தைப் பாடம் கேட்டார்.

அதோடு திருப்தி அடைந்து விட்டாரா? இல்லை.

"இலங்கையில் பெரிய பண்டிதர்கள் இருக்கிறார்கள். யோக சாத்திரத்துக்கு நன்றாகப் பொருள் சொல்லக்கூடியவர்களும் அங்கே உண்டு" என்று அவர் காதில் விழுந்தது. உடனே இலங்கைக்குப் போக ஆசைப்பட்டார்.

மூன்று நாள் கடல்

கப்பல் ஏறுவதற்காக வங்காளத்தில் இருந்த தாம்ரலிப்தி துறைமுகத்துக்குப் போனார். அங்கே தென்னாட்டுப் பிக்கு ஒருவர் அவரைத் தடுத்தார்.

இங்கிருந்து கடலில் போனால் புயலும் அலையும் பொல்லாதவை. தெற்கே நடந்து போங்கள். அங்கிருந்து இலங்கைக்கு மூன்றே நாள் கடல் பயணம். போகிற வழியில் ஒரிசா முதலிய நாடுகளையும் பார்க்கலாம். இதுதான் அவர் சொன்ன யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் அதற்கு வங்காளத்தில் இருந்து காஞ்சி வரை நடக்க வேண்டும்! ஒரிசாவையும் ஆந்திராவையும் கடந்து, சுமார் 640-ம் ஆண்டில் யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்.

இன்று காஞ்சீபுரம் என்றதும் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். பட்டின் பிறப்பிடம் சீனா. அந்த நாட்டுக்காரர் காஞ்சிக்கு வந்தபோது பார்த்து வியந்தது பட்டை அல்ல. இந்த நாட்டு மக்கள் தைரியசாலிகள், நம்பத் தகுந்தவர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்று அவர் எழுதி வைத்தார். நூற்றுக்கு மேற்பட்ட புத்த மடங்கள், 10 ஆயிரம் பிக்குகள், ஏறத்தாழ 80 இந்துக் கோயில்கள் என்று கணக்கும் கொடுத்து இருக்கிறார்.

அவருக்குக் காஞ்சி இன்னொரு விதத்திலும் வேண்டிய ஊர். அவருடைய குரு சீலபத்திரர் அல்லவா? அந்தச் சீலபத்திரரின் குரு தர்மபாலர் பிறந்த ஊர் இது!

தர்மபாலர் காஞ்சி மந்திரியின் மூத்த மகன். ராஜா தன் மகளை அவருக்குக் கொடுக்க ஏற்பாடு செய்தார். கல்யாணத்துக்கு முந்திய இரவில், புத்தர் சிலையின் முன்னே நின்று அழுத மாப்பிள்ளை, அப்படியே ஊரை விட்டுப் போய்ப் பிக்கு ஆகி விட்டாராம். அவர் வெளியே போன ஊருக்கு, அவருடைய சீடரின் சீடர் சீனாவில் இருந்து வந்து நின்றார்.

எதிரே வந்த 300 பேர்

காஞ்சியில் கப்பலுக்குக் காத்து இருந்த யுவான் சுவாங்குக்கு ஓர் அதிர்ச்சி.

எந்த நாட்டுக்கு அவர் போக நினைத்தாரோ, அந்த நாட்டில் இருந்தே 300-க்கு மேற்பட்ட பிக்குகள் காஞ்சிக்கு வந்து இறங்கினார்கள்!

"இலங்கைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்ற பொருளில் அவர்களை விசாரித்தார்.

அரசர் இறந்து விட்டார். நாட்டில் பஞ்சம், குழப்பம். அண்டி இருக்க ஆதரவு இல்லை. இந்தியாவில் உணவுக்குப் பஞ்சம் இல்லை என்றும், புத்தர் பிறந்த நாடு இது என்றும் கேள்விப்பட்டு வந்தோம். இதுதான் அவர்கள் சொன்ன பதில்.

(பசித்து வந்தவர்களுக்குக் காஞ்சியில் சோறு போட்ட கதை தமிழர்களுக்குப் புதிது அல்ல. மணிமேகலை அமுதசுரபியோடு வந்ததும் இதே காஞ்சிக்குத்தான்.)

வேறு ஒருவராக இருந்தால் அந்த இடத்திலேயே பயணத்தைக் கைவிட்டு இருப்பார். யுவான் சுவாங் அப்படிச் செய்யவில்லை. பஞ்சம் இன்று இருக்கும், நாளை தீரும். தான் தேடிப் போகிற பொருள் அங்கே இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

வந்தவர்களில் பெரிய பண்டிதர்களும் இருந்தார்கள். அவர்களிடம் யோக சாத்திரத்தில் தமக்கு இருந்த சந்தேகங்களை எடுத்துப் போட்டார். அவர்கள் விளக்கினார்கள். கவனமாகக் கேட்டார்.

சீலபத்திரர் சொல்லிக் கொடுத்ததற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை!

பெரிய ஏமாற்றம்தான். வங்காளத்தில் இருந்து நடந்து வந்த நடை எல்லாம் இதற்காகத்தானே? ஆனால் சந்தேகம் தீர்ந்து விட்டது. இலங்கைப் பயணத்தை அவர் கைவிட்டார். மூன்று நாள் தூரத்தில் இருந்த தீவைப் பார்க்காமலே வடமேற்குத் திசையில் திரும்பினார்.

வேடிக்கை என்ன என்றால், இலங்கைப் பிக்குகளில் சுமார் 70 பேர் அவரோடு சேர்ந்து நடந்தார்கள். புத்தர் வாழ்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை.

பிறகு யுவான் சுவாங் மகாராஷ்டிரத்தையும் போய்ப் பார்த்தார். அதை ஆண்டவன் நரசிம்மவர்மனின் பரம எதிரியான புலிகேசி! 642-ல் நரசிம்மவர்மன் படையெடுத்துப் போய் அவனுடைய தலைநகர் வாதாபியைப் பிடித்தான். கொஞ்சம் தாமதித்து இருந்தால் சீனத் துறவி அந்தச் சண்டையின் நடுவில் சிக்கி இருப்பார். 645-ல் அவர் 657 நூல்களோடு சீனா போய்ச் சேர்ந்தார். தடையை மீறிப் போனவரைச் சக்கரவர்த்தியே வரவேற்றார்.

இளநீர் குடித்த இளவரசன்

மானவர்மனின் கதை வேறு. அவன் படிப்பைத் தேடி வரவில்லை. உயிருக்குப் பயந்து வந்தான்.

அவனுடைய தந்தை காசியபன் இலங்கையின் அரசன். தந்தை இறந்த பிறகு சிம்மாசனத்துக்குப் பலர் போட்டி போட்டார்கள். மானவர்மன் சில காலம் நாட்டுப்புறத்தில் ஒளிந்து இருந்தான். பிறகு கடல் தாண்டி நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். மனைவி சங்காவையும் வரவழைத்துக் கொண்டான். அவர்களுக்கு நான்கு ஆண், நான்கு பெண் என்று எட்டுக் குழந்தைகள்.

இந்தக் கதையைச் சொல்வது "சூளவம்சம்" என்ற இலங்கைச் சரித்திர நூல். மகாவம்சத்தின் தொடர்ச்சி அது.

ஒரு நாள் யானை மேல் போன நரசிம்மவர்மனுக்குத் தாகம். இளநீர் குடித்தான். வேறு யாரோ என்று நினைத்து, மீதியை மானவர்மனிடம் நீட்டி விட்டான்.

எச்சில் இளநீர்! அவனோ ராஜா மகன்! என்ன செய்வான்?

மானவர்மன் யோசித்தான். கொடுத்தவர் நண்பர், இதில் என்ன குறைச்சல் என்று வாங்கிக் குடித்தான். நடந்ததைக் கவனித்த நரசிம்மவர்மன் பதறிப் போனான். மானவர்மன் குடித்து வைத்த மீதியை வாங்கித் தானும் குடித்தான். அன்று முதல் சாப்பாடு, படுக்கை, ஆபரணம், யானை எல்லாவற்றிலும் அவனைத் தனக்குச் சமமாக வைத்தான்.

வல்லபன் என்ற அரசன் படையெடுத்து வந்தபோது, மானவர்மன் போரில் செத்தால் அவன் வந்த காரியம் கெடும் என்று எண்ணி, நரசிம்மவர்மன் அவனை ஊரிலேயே விட்டுப் போனான். மானவர்மனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னாலேயே படையோடு போய் நண்பனின் பக்கத்தில் நின்று போரிட்டான். வெற்றி கிடைத்தது.

நரைத்த தலை

அதற்குப் பரிசாக நரசிம்மவர்மன் ஒரு படையைக் கொடுத்தான். மானவர்மன் இலங்கையில் இறங்கி முன்னேறினான்.

அந்த நேரத்தில் ஒரு செய்தி வந்தது. காஞ்சியில் மன்னருக்குக் கடுமையான நோய்! கேட்டதும் பல்லவப் படை ஊருக்குத் திரும்பி விட்டது. மானவர்மன் பிறந்த மண்ணிலேயே தனித்து நின்றான். எதிரியின் படை நெருங்கியது.

எதிர்த்து நின்று சாவதா? திரும்புவதா?

இப்போது செத்தால் எதிரியின் ஆசைதான் நிறைவேறும், திரும்பிப் போய் மறுபடி படை திரட்டி வரலாம் என்று அவன் முடிவு செய்தான். தலை குனிந்து காஞ்சிக்கே வந்தான்.

ராஜாவாகப் போகிறேன் என்று விடை பெற்றுப் போனவன் வெறுங்கையோடு திரும்பி வந்தால் எப்படி இருக்கும்? வெளிநாடு போய்த் தோற்றுத் திரும்பியவர்களுக்கு அது தெரியும். இவன் சொந்த நாட்டில் தோற்று, வெளிநாட்டுக்குத் திரும்பினான். அது இன்னும் கஷ்டம்.

பழையபடி சேவகத்தில் சேர்ந்தான். ஆண்டுகள் ஓடின. இலங்கையில் ஒருவர் பின் ஒருவராக அரசர்கள் மாறினார்கள். மானவர்மனின் தலை நரைத்தது.

ஒரு நாள் காஞ்சி மன்னன் அந்த நரையைப் பார்த்தான். நாட்டை மீட்க வந்த நண்பன் தன்னிடம் வேலை செய்தே கிழவன் ஆகிறானே என்று மனம் நொந்தான். பெரும் படை திரட்டினான். கடற்கரை வரை தானே கூட வந்தான்.

முதல் தடவை படை பாதியில் திரும்பியது நினைவு இருக்கிறது அல்லவா? இந்தத் தடவை மன்னன் ஒரு தந்திரம் செய்தான். தன் ஆபரணங்களையும் முரசையும் மானவர்மனிடம் கொடுத்து அவனைக் கப்பலில் ஏற்றினான். முரசு முழங்கியது. மன்னரே கப்பல் ஏறி விட்டார் என்று நம்பி, வீரர்கள் எல்லோரும் ஏறினார்கள்.

மன்னன் கரையிலேயே நின்றுகொண்டான்.

மானவர்மன் வென்றான். சுமார் 684-ல் அனுராதபுரத்தில் முடி சூடி, 35 ஆண்டுகள் ஆண்டான். அவனுக்குப் பின் அவன் மகன்கள் மூவர் அடுத்தடுத்து அந்தச் சிம்மாசனத்தில் அமர்ந்தார்கள்.