வெயிலும் தோல் புற்றுநோயும்: சட்டமன்றம் வரை சென்ற ஆஸ்திரேலிய முயற்சி

ஹெரஃபோர்டு இன மாடுகளின் முகம் வெண்மை நிறமுடையது. இமையோரத்தில் நிறமி இல்லாத மாடுகளுக்கு வயது ஏற ஏறக் கண்ணில் புற்றுநோய் காண்பது ஆஸ்திரேலியப் பண்ணையாளர்கள் நெடுநாளாக அறிந்த ஒன்றாகும். எனவே இமையைச் சுற்றிச் செம்மை படர்ந்த காளைகளையே பொலிகாளைகளாகத் தேர்ந்தெடுக்கின்றனர். மாட்டிற்கு இவ்வாறு இனத்தேர்வு கைகொடுக்கின்றது. அதை மேய்க்கும் வெள்ளைத் தோல் மனிதருக்கு இவ்வழி இல்லை.

ஆஸ்திரேலிய மக்களில் பெரும்பாலோரின் முன்னோர்கள் வெயில் குறைந்த பிரிட்டன், அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். கடும் வெயில் அவர்கள் தோலுக்கு ஒவ்வாதது. அந்நாட்டில் மூவரில் இருவருக்கு 70 வயதிற்குள் ஏதேனும் ஒரு வகைத் தோல் புற்றுநோய் காண்கின்றது எனக் கணக்கிட்டுள்ளனர். கேடு செய்வது வெயிலின் வெப்பம் அன்று. அதிலுள்ள புற ஊதாக் கதிர்களேயாகும். குளிர்ந்த காற்று வீசும் நாளிலும் இக்கதிர்கள் வலுவாக இருக்கக்கூடும். ஆகவேதான் அங்கு வானிலை அறிக்கையில் புற ஊதாக் குறியீட்டையும் சேர்த்து வெளியிடுகின்றனர். குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருப்பின் உடலை மூடிக்கொள்ள வேண்டும்.

காப்பு முறைகள் உண்மையில் பலன் தருமா என்பதற்கு விடை கரும்பு விளையும் ஊர் ஒன்றிலிருந்து கிடைத்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் நம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் ஆய்வு நடைபெற்றது. ஒரு பாதியினர் தலை, கழுத்து, கைகளில் நாள்தோறும் வெயில் தடுப்புக் களிம்பு பூசினர். மறு பாதியினர் தம் விருப்பப்படி நடந்துகொண்டனர். நாள்தோறும் பூசியவர்களிடம் செதிள் செல் புற்றுநோய் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. மேலும் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உயிர்க்கொல்லியான மெலனோமா அவர்களில் 11 பேருக்கும் மற்றவர்களில் 22 பேருக்கும் கண்டது. நம் வயல்களில் உர அளவைச் சோதிப்பதற்கு, உரமிட்ட பாத்தியையும் இடாத பாத்தியையும் அருகருகே வைத்துப் பார்ப்பது போன்றதே இம்முறை.

ஆயினும் ஆய்வு முடிவு தானாக வயலுக்கு வந்து சேர்வதில்லை. விக்டோரியா மாநிலப் புற்றுநோய் எதிர்ப்புக் கழகத்தினர் 1981ஆம் ஆண்டிலேயே, சட்டையை மாட்டு, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்று கடற்பறவை ஒன்று ஆடிப்பாடும் விளம்பரத்தைத் தொலைக்காட்சியில் வெளியிட்டனர். பாட்டு நாடெங்கும் பரவியது. பணந்தான் நிலையாகக் கிடைக்கவில்லை.

அதற்கு வழி புகையிலைச் சட்டத்தின் வாயிலாகத் திறந்தது. கழகத்தின் தலைவராக இருந்த டாக்டர் நைஜல் கிரே, சுகாதார அமைச்சர் டேவிட் ஒயிட்டுடன் இணைந்து பணியாற்றினார். எதிர்க்கட்சியினரின் ஒப்புதலின்றி மசோதா மேலவையில் நிறைவேற இயலாத நிலை இருந்தமையால், அவர்களிடமும் ஆதரவு திரட்டப்பட்டது. 1987இல் நிறைவேறிய சட்டம் புகையிலை மீது தனித் தீர்வை விதித்து, அத்தொகையைக் கொண்டு உடல்நல வளர்ச்சி நிதியம் ஒன்றை நிறுவியது. அந்த நிதியின் துணையுடன் 1988இல் ‘சன்ஸ்மார்ட்’ திட்டம் தொடங்கியது. தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட்டு இல்லை என்ற விதி பள்ளிகளில் பரவியது. இத்திட்டத்திற்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 2.30 டாலர் மிச்சமாகின்றது என 2009இல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது. நிதியமைச்சர்களிடம் இத்தகைய கணக்கு எடுபடும்.

எல்லா வேளையிலும் கணக்கு மட்டும் போதுவதில்லை. தோலைப் பழுப்பாக்குவதற்கெனச் செயற்கைப் புற ஊதா விளக்குகள் பொருத்திய சோலாரியப் படுக்கைகள் கட்டணத்திற்கு விடப்பட்டு வந்தன. கிளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண், மெலனோமாவால் படுத்த நிலையிலும், இப்படுக்கைகளின் கேட்டைப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் எடுத்துரைத்துவிட்டு, 2007 செப்டம்பரில் மறைந்தார். மருத்துவர்கள் பல ஆண்டுகள் கேட்டும் நகராத கோப்பு அதன்பின் நகர்ந்தது. 2008இல் விக்டோரியா உரிம முறையைக் கொணர்ந்து, 18 வயதிற்கு உட்பட்டோர் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இக்கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்குவன என உறுதியாகத் தெரிந்தவற்றின் பட்டியலில் சேர்த்தது. நியூ சவுத் வேல்ஸ் 2012இல் முழுத் தடையை அறிவித்தது. கடை வைத்திருப்போர் தொழிலை மாற்றிக்கொள்ள அவகாசம் அளித்து, 2014ஆம் ஆண்டின் கடைசி நாளில் தடையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஏனைய மாநிலங்கள் பலவும் மறுநாளே பின்பற்றின. மேற்கு ஆஸ்திரேலியா 2016இல் சேர்ந்துகொண்டது.

நம் உழவர்கள் இதைப் படித்து வெயிலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கருந்தோலில் உள்ள மெலனின் நிறமி இயற்கைக் குடையாக உதவுகின்றது. பிறவியிலேயே நிறமி அற்றவர்களுக்கு மட்டும் இக்காப்பு கிடையாது. அவர்கள் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் இன்றி வயலில் இறங்கலாகாது. ஆனால் கருந்தோலினருக்கு மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய வெயில் படாத இடங்களில் தோன்றுகின்றது. வெறுங்காலுடன் உழைப்பவர்கள் அதனை முள் தைத்த வடு என்றோ, கால் ஆணி என்றோ எண்ணி நாட்களைக் கடத்திவிடுகின்றனர். பெரிதாகிக்கொண்டே போகும் கரும்புள்ளி, பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் நிற்கும் புண் ஆகியவற்றிற்குப் பச்சிலை வைத்துக் கட்டிக் காத்திராமல் அரசு மருத்துவமனையில் உடனே காட்டுதல் வேண்டும். தொடக்கத்தில் கண்டால் சிறு அறுவையே பெரும்பாலும் போதுமானது.

ஆஸ்திரேலியாவில் வெளியில் பணிபுரிவோர் தொப்பி, களிம்பு, கண்ணாடி ஆகியவற்றிற்குச் செய்யும் செலவை, 2002இல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பிற்குப்பின், வருமான வரியில் கழித்துக்கொள்கின்றனர். வேலை வாங்குபவர் தம் ஆட்களை வெயிலிலிருந்து காக்க வேண்டும் என்பது பணியிடப் பாதுகாப்புச் சட்டப்படி அவரது கடமை. சொந்த நிலத்தில் தனியாக டிராக்டர் ஓட்டும் பண்ணையாளரிடந்தான் சட்டம் எளிதில் எட்டுவதில்லை. தொப்பி போட்டீரா என்று கேட்பதற்கு அங்கு மேற்பார்வையாளர் எவரும் இல்லை. விளம்பரம் வருமுன்பே வளர்ந்து ஆளான அந்தத் தலைமுறையினர், பள்ளியில் தொப்பி போட்டுப் பழகிய தம் பேரப்பிள்ளைகள் சொல்லித்தான் பலரும் தொப்பியைத் தேடி எடுக்கின்றனர்.