கதவண்டை நிற்பவர்

சினிமாக் கொட்டகைக்குப் போகிற நாம், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கும் சிப்பந்தியின் முகத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆயினும் அபாயம் நேர்ந்துவிட்டால், அந்த மனிதர் கதவண்டை இருக்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்தே பலருடைய பிராணன் நிற்கிறது.

1997-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி, டில்லி கிரீன் பார்க்கிலுள்ள 'உப்ஹார்' கொட்டகையில் 'பார்டர்' என்னும் ஹிந்திப் படம் நடந்துகொண்டிருந்தது. கட்டடத்தின் தரைத்தளத்தில் மின்சார டிரான்ஸ்பார்மர் ஒன்று இருந்தது. அன்று காலையிலேயே அது ஒரு தரம் தீப்பற்றி, அவசரமாகச் செப்பனிடப்பட்டிருந்தது. மாலை 5 மணி சுமாருக்கு மறுபடியும் பற்றிக்கொண்டது. எண்ணெய் வழிந்து, அருகே நிறுத்தியிருந்த மோட்டார் வண்டிகளுக்கும் நெருப்புப் பரவிற்று. புகையோ மாடிப்படி வழியே பால்கனிக்கு ஏறிவிட்டது.

மாண்டவர்கள் 59 பேர். குழந்தைகளும் அவர்களில் உண்டு. நெருப்பில் வெந்து அவர்கள் சாகவில்லை. மூச்சுத் திணறி மாண்டார்கள். 100 பேருக்கு மேல் காயமடைந்தார்கள். பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்ட சங்கதிகளைப் படிக்கும்போது மனம் பதறுகிறது. "எழுந்து வெளியே போங்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க ஒருவரும் இல்லை. விளக்குகள் அணைந்தன; அவசர விளக்குகள் எரியவில்லை. பால்கனிக் கதவு தாழிடப்பட்டிருந்தது. அதைக் காக்க வேண்டிய சிப்பந்தியோ, வேறொருவரிடம் பொறுப்பை ஒப்புவிக்காமலே போய்விட்டிருந்தார். வலப்புறத்து வழியைச் சொந்தக்காரர் குடும்பத்துக்கென்று அமைத்த எட்டு ஆசனப் பெட்டி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. காசு கொடுத்தவனுக்கு உள்ளே வர மட்டுந்தான் பாத்தியதை போலும்!

சிப்பந்தியை மட்டும் நிந்திப்பதில் நியாயமில்லை. அபாய காலத்தில் என்ன செய்வதென்று அவருக்கு யாராவது கற்பித்திருந்தால் அல்லவா?

கற்பிக்காமலே செய்தவரும் உண்டு. 1977 மே 28-ந் தேதி இரவு, அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து விருந்து விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. 165 பேர் பலியான பெருந்தீ அது. அங்கே மேஜைகளைச் சுத்தம் செய்யும் 18 வயதுப் பையன் ஒருவன், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கேளிக்கை பார்த்துக்கொண்டிருந்த மண்டபத்தின் மேடைமீது ஏறினான். நடிகர்களின் ஒலிபெருக்கியை வாங்கி, வெளியேறும் வழிகளைச் சுட்டிக்காட்டி, எல்லோரும் புறப்படும்படி சொன்னான். வேடிக்கையென்று உட்கார்ந்திருந்தவர்கள் சிலர். ஆனால் அந்தச் சொல்லால் பிழைத்தவர்கள் அநேகர்.

ஜனங்கள் தாம் வந்த வழியையே தேடி ஓடுவார்கள். பக்கத்துக் கதவு கண்ணில் படாது. ஆகையால் வழி காட்டும் குரல் வேண்டும். இன்னார் இன்ன கதவைத் திறப்பது, இன்னார் அறிவிப்பது, இன்னார் தீயணைப்புப் படைக்குச் சொல்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, அடிக்கடி ஒத்திகை பார்த்தால் போதும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் ஆகிவிடாது.

அடுத்த தடவை கொட்டகைக்குப் போகும் நேயர்கள், இடைவேளையில் காப்பிக்கு ஓடுமுன், "அவசர வழி எது? இப்போது திறக்குமா?" என்று கதவண்டை நிற்பவரைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் விழித்தால், மானேஜரைக் கூப்பிட்டு அவரையும் கேட்கலாம்.