பல்கலைக்கழக வலையமைப்பில் நமது அந்தரங்கம்

தனி வீட்டிலக்கம் இல்லாத தோட்டக் குடியிருப்பு லயங்களுக்கு வரும் கடிதங்கள் தோட்டத்து ஆபீசில் இறங்கி, அங்கிருந்து யாராவது எடுத்துவந்தால்தான் உரியவர் கையைச் சேரும் என்ற வழக்கம் மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருப்பதால், பிறர் கைபட்டு வரும் செய்தியின் சங்கடத்தை ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதி மக்களுக்கு எவரும் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அத்தகைய குடும்பத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப்போகும் பிள்ளை, விடுதியில் மடிக்கணினியைத் திறந்து வலையமைப்பில் இணையும்போது, தன் செய்திகளை மறுபடியும் பிறர் பராமரிக்கும் பாதையில்தான் அனுப்புகிறது.

அப்பாதையில் எது தெரியும், எது தெரியாது? மாணவர் தம் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தே நுழைவதால், யார், எந்நேரம், எந்தக் கருவியோடு வந்தார் என்பது பதிவாகக் கூடும். முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்கும் தளங்களில் எழுதுவதையும் படிப்பதையும் இடையில் இருப்பவர் வாசிக்க இயலாது. ஆயினும் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மனநோய்க்கு ஆலோசனை தேடும் மாணவிக்கு அந்தத் தளத்தின் பெயர் ஒன்றே அந்தரங்கமன்றோ!

அதை மறைக்கவும் ஒரு வழி உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக்கருகே திகனவில் நடந்த வன்செயலையொட்டி அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் முதலியவற்றைத் தடுத்தபோது, நம்மவர் பலர், இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பனியின் வழியாக மறைத்து அனுப்பும் வி.பி.என். செயலிகளை அவசரமாக நிறுவிக்கொண்டனர். அத்தகைய செயலி பல்கலைக்கழகத்தின் பார்வையை மறைக்கும் என்பது மெய்யே. ஆனால் அந்தப் பார்வை முழுவதையும் முகமறியாத ஒரு கம்பனியிடம் ஒப்படைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

உலகப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான எடுரோம் என்னும் கம்பியில்லா இணைப்பு நம் நாட்டிலும் உண்டு. அதே பெயரில் போலி இணைப்பொன்றை எவரும் வைத்துவிடலாம். உண்மையானதை இனங்காட்டுவது சான்றிதழ் ஒன்றே. அதைச் சோதிக்க வேண்டாமென்று அமைத்துவிட்டால், கடவுச்சொல் திருடன் கைக்குப் போய்விடக்கூடும். சரியான அமைப்பைக் கணினி நிலையத்தில் கேட்டுப் பெறுவதே உத்தமம்.

இவை எல்லாவற்றிலும் பெரிய துவாரம் ஊரிலேயே விழுந்துவிடுகிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப டவுனிலுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போக, கடைக்காரத் தம்பி நல்லெண்ணத்தோடுதான் மின்னஞ்சல் ஒன்றைத் திறந்து, தன் தொலைபேசி இலக்கத்தையே மீட்பு இலக்கமாகக் கொடுத்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் குறித்துக்கொள்கிறான். அந்த மின்னஞ்சலே பின்னர் வங்கிக்கும் பரீட்சைக்கும் வேலைக்கும் திறவுகோலாகிவிடுகிறது. ஆகவே விடுதிக்குப் போனவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம் கடவுச்சொல்லையும் மீட்பு இலக்கத்தையும் மாற்றி, இருபடிச் சரிபார்ப்பை ஏற்படுத்துவதே. அடுத்ததாகக் கணினியையும் கவனிக்க வேண்டும். பழைய கணினி வாங்கியவர் அதை முழுவதும் அழித்து மறுபடி நிறுவட்டும். நண்பருக்கு இரவல் கொடுப்பவர் தனிக் கணக்கொன்றைத் திறந்து கொடுக்கட்டும். விண்டோஸின் வலையமைப்பு அமைப்பில் ‘பொது வலையமைப்பு’ என்பதைத் தெரிவுசெய்தால் அடுத்த அறையிலிருப்பவருக்கு நம் கணினி தென்படாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவது தாமதப்பட்டிருப்பினும், மாணவர் சங்கங்கள் இப்போதே நிர்வாகத்திடம் எழுதிக் கேட்கலாம்: எமது பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் காட்டுகிறீர்கள், அந்த விதிகளைத் தமிழில் எப்போது தருவீர்கள்?