டாக்டருக்கும் பரீட்சை!

பட்டம் வாங்கியாயிற்று. வாசலில் பெயர்ப் பலகை மாட்டியாயிற்று. தலையும் நரைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு டாக்டர், பிள்ளைகள் தூங்கிய பிறகு விளக்கைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் மூளைக்கும் நரம்புக்கும் வைத்தியம் பார்க்கும் நிபுணர்கள் இப்படித்தான் படிக்கிறார்கள். ஒரு முறை தேறினால் போதாது. மறுபடியும் மறுபடியும் தேற வேண்டும்.

"இத்தனை படித்தவருக்கு இன்னும் என்ன படிப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். நியூயார்க்கில் நடந்த இந்த உண்மைக் கதையைப் படித்தால், அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

கடிகாரப் படம்

2009ஆம் ஆண்டு. சூசன்னா கஹலான் என்ற 24 வயதுப் பெண் நியூயார்க் நகரில் பத்திரிகை நிருபராக இருந்தார். கெட்டிக்காரர், துறுதுறுப்பானவர்.

திடீரென்று அவருடைய இடது கை மரத்துப் போயிற்று. தூக்கம் கெட்டது. காரணம் இல்லாமல் அழுதார். அடுத்த நிமிடமே சிரித்தார். எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக எண்ணிப் பயந்தார். பிறகு வலிப்பும் வந்தது.

டாக்டர்கள் ரத்தத்தைச் சோதித்தார்கள். மூளையைப் படம் பிடித்தார்கள். ஒரு குறையும் தெரியவில்லை. குடிப்பழக்கம்தான் காரணம் என்று ஒருவர் சொன்னார். மனநோய் என்று வேறு சிலர் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நாளுக்கு நாள் நிலைமை மோசமாயிற்று. பேச்சும் குழறியது.

அப்போதுதான் சூஹெல் நஜ்ஜார் என்ற நரம்பு நிபுணர் வந்தார். ஒரு காகிதத்தைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார்.

சூசன்னா வட்டம் போட்டார். எண்களை எழுதினார். 1 முதல் 12 வரை அத்தனை எண்களும் வலது பாதியிலேயே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன! இடது பாதி வெறுமையாக இருந்தது.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது. நமக்கு இடது பக்கம் உள்ளவற்றைக் கவனிப்பது மூளையின் வலது பாதி. அந்த வலது பாதியில்தான் கோளாறு. இது மனநோய் அல்ல, மூளை நோய்!

மேலும் சோதித்தார்கள். உண்மை தெரிந்தது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே வழி தவறி மூளையைத் தாக்கியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அதற்குரிய சிகிச்சை தொடங்கியது. சில மாதங்களில் சூசன்னா தேறி, மீண்டும் வேலைக்குப் போனார். தன் அனுபவத்தை 2012இல் புத்தகமாகவும் எழுதினார்.

புத்தகத்தில் இல்லாத நோய்

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு.

சூசன்னாவுக்கு வந்த நோயை இன்னதென்று கண்டுபிடித்து விளக்கியவர்கள், டாக்டர் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும். அவர்கள் அதை வெளியிட்ட ஆண்டு 2007. சூசன்னா படுக்கையில் விழுவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு!

1990இல் பட்டம் வாங்கிய ஒரு டாக்டரை எண்ணிப் பாருங்கள். அவர் வகுப்பில் முதல் மாணவராகவே இருந்திருக்கட்டும். அவருடைய பாடப் புத்தகத்தில் இந்த நோய் இல்லை. இருக்கவும் முடியாது. 2007க்குப் பிறகும் அவர் படித்திருந்தால்தான் இது அவருக்குத் தெரியும்.

தெரியாத டாக்டரிடம் போயிருந்தால்? மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்திருப்பார்கள். நம் ஊர்ப்பக்கமாக இருந்தால், "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலை அடித்திருப்பார்கள். இந்த நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு முன் எத்தனை பெண்கள் பைத்தியக்காரப் பட்டத்தைச் சுமந்து மாண்டார்களோ!

எங்கே கோளாறு?

நரம்பு நிபுணரின் வேலை துப்பறியும் வேலை.

வீட்டில் விளக்கு எரியவில்லை. எலக்ட்ரீஷியன் வருகிறார். பல்ப் போய்விட்டதா? சுவிட்சில் பழுதா? வயர் அறுந்ததா? பியூஸ் போயிற்றா? அல்லது தெருவுக்கே மின்சாரம் இல்லையா? இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் ரிப்பேர்.

மனித உடம்பும் அப்படியே. ஒருவருக்குக் கால் விளங்கவில்லை என்றால் கோளாறு காலில் இருக்க வேண்டும் என்பதில்லை. மூளையில் இருக்கலாம். முதுகுத் தண்டில் இருக்கலாம். நரம்பில் இருக்கலாம். தசையிலும் இருக்கலாம்.

டாக்டர் சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுகிறார். உள்ளங்காலைக் கீறிப் பார்க்கிறார். விரலைப் பார்க்கச் சொல்லிக் கண்ணின் ஓட்டத்தைக் கவனிக்கிறார். கோளாறு எங்கே என்று முதலில் கண்டுபிடிக்கிறார். அது என்ன கோளாறு என்பது அடுத்த கேள்வி.

இதைக் கற்றுக்கொள்ள ஆகும் காலம் கொஞ்சமல்ல. அமெரிக்காவில் கல்லூரியில் 4 ஆண்டு. பிறகு மருத்துவக் கல்லூரியில் 4 ஆண்டு. அதன்பின் ஆஸ்பத்திரியில் பயிற்சி 4 ஆண்டு. அதில் முதல் ஆண்டு பொது மருத்துவம், மற்ற மூன்றும் நரம்பியல். மொத்தம் 12 ஆண்டுகள்!

பயிற்சிக் காலத்தில் இரவுப் பணி உண்டு. அவசர நோயாளிகளையும் பார்க்க வேண்டும். அதற்கு நடுவே படிக்க வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மாதிரிப் பரீட்சை வேறு நடக்கும். அதை நடத்துவது, 1948இல் தொடங்கிய அமெரிக்க நரம்பியல் அகாடமி. எந்தப் பாடத்தில் தான் மட்டம் என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பரீட்சை.

முன்பின் தெரியாத நோயாளி

பயிற்சி முடிந்ததும் பெரிய பரீட்சை வருகிறது. இதை நடத்துவது, அமெரிக்க மனநல, நரம்பியல் வாரியம். 1934இல் ஏற்பட்டது இந்த வாரியம்.

இந்தப் பரீட்சையில் தேறாவிட்டால் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லை. வைத்தியம் பார்க்கும் லைசென்ஸை மாநில அரசு தருகிறது, அது வேறு. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரிகள் வேலை கொடுக்கும்போது வாரியத்தின் சான்றிதழைப் பார்க்கின்றன. ஆகையால் எழுதாமல் இருப்பவர் குறைவு.

முன்பெல்லாம் எழுத்துப் பரீட்சையோடு நேர்முகப் பரீட்சையும் இருந்தது. முன்பின் தெரியாத நோயாளி ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைப்பார்கள். பரீட்சகர்களின் கண்ணெதிரிலேயே அவரைச் சோதிக்க வேண்டும். என்ன நோய் என்று சொல்ல வேண்டும். பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் கை நடுங்கும்!

இப்போது அந்த முறை மாறிவிட்டது. பயிற்சிக் காலத்திலேயே ஐந்து வகை நோயாளிகளை ஆசிரியர் முன்னிலையில் சோதித்துக் காட்ட வேண்டும். உயிருக்குப் போராடுபவர் ஒருவர். வெளி நோயாளி ஒருவர். தசை, நரம்பு நோய் உள்ளவர் ஒருவர். மறதி நோய் போல மெல்ல மெல்ல மூளை தேய்பவர் ஒருவர். ஐந்தாவது, ஒரு குழந்தை. ஐந்திலும் தேறியவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கடைசிப் பரீட்சையை எழுதலாம்.

நம் நாட்டிலிருந்து போகும் டாக்டர்களுக்கும் சலுகை கிடையாது. இங்கே டாக்டராக இருந்தவரும் பொதுவாக அங்கே பயிற்சி டாக்டராகச் சேர்ந்து, முதல் படியிலிருந்துதான் ஏற வேண்டும்.

நிமிடத்துக்கு 19 லட்சம்

ஒரு காலத்தில் வாரியத்தின் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும். ஒரு முறை தேறியவர் பிறகு புத்தகத்தைத் தொடாவிட்டாலும் கேட்பவர் இல்லை. 1994 அக்டோபர் 1ந் தேதி முதல் அது மாறியது. அதன் பிறகு தரப்பட்ட சான்றிதழுக்கு 10 ஆண்டுகளே ஆயுள் என்று வாரியம் அறிவித்தது.

இது எவ்வளவு சரியான முடிவு என்பதைப் பக்கவாத வைத்தியம் காட்டிவிட்டது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம் வருகிறது. அடைத்த ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் ஜெப்ரி சேவர் என்ற அமெரிக்க டாக்டர் கணக்கிட்டார்.

1990இல் இதற்கு என்ன வைத்தியம்? அடைப்பை நீக்க வழி இல்லை. படுக்க வைத்து, பக்குவம் பார்த்து, தேறும்வரை காத்திருப்பார்கள்.

1996இல் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. நோய் கண்ட 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 2008இல் வந்த ஐரோப்பிய ஆராய்ச்சி அந்தக் கெடுவை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015இல் இன்னொரு அதிசயம். தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளையில் அடைத்த கட்டியையே வெளியே இழுத்துவிடலாம் என்று பல ஆராய்ச்சிகள் உறுதி செய்தன. 2018இல், தகுந்த நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையில் கூட இதைச் செய்யலாம் என்று தெரிந்தது.

1990இல் படித்ததோடு நின்றுவிட்ட டாக்டர் என்ன சொல்வார்? "ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்பார். நேற்றுவரை படித்த டாக்டர், "உடனே படம் எடுங்கள், பார்க்கலாம்" என்பார். ஒரே நோயாளி, ஒரே நேரம். ஒருவரிடம் போனால் கட்டில். மற்றவரிடம் போனால், எழுந்து நடந்தாலும் நடக்கலாம்!

டாக்டர்களின் முணுமுணுப்பு

ஆனால் டாக்டர்கள் எல்லோரும் மகிழ்ச்சியோடு பரீட்சை எழுதினார்கள் என்று எண்ண வேண்டாம். முணுமுணுப்பு கிளம்பியது.

"நான் குழந்தைகளின் வலிப்பு நோயை மட்டும் பார்க்கிறேன். எனக்கு எதற்கு எல்லாப் பாடமும்?" என்பது ஒரு குறை. "கட்டணம் அதிகம், பரீட்சைக்குப் படிக்க நோயாளிகளை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது" என்பது இன்னொரு குறை. மனப்பாடம் செய்து எழுதுவதால் வைத்தியம் உயர்ந்துவிடுமா என்றும் கேட்டார்கள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. வாரியம் இறங்கி வந்தது. 2019இல் புது முறை ஒன்றைச் சோதனையாகத் தொடங்கி, பிறகு நிலையாக்கியது.

இதன்படி, புதிய கண்டுபிடிப்புகள் பற்றிய மருத்துவக் கட்டுரைகளை டாக்டர் வீட்டிலேயே படிக்கலாம். ஒவ்வொரு கட்டுரைக்கும் 5 கேள்விகள். 4க்குச் சரியான பதில் சொன்னால் தேறியதாகக் கணக்கு. கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பதில் எழுதலாம்! மூன்று ஆண்டுகளில் இப்படி 30 கட்டுரைகளை முடித்தால், 10 ஆண்டுக்கு ஒரு முறை எழுதும் பெரிய பரீட்சை தேவையில்லை.

பரீட்சை பயமும் குறைந்தது, படிப்பும் நடக்கிறது.

நம் நாட்டில்

இந்தியாவில் நரம்பு நிபுணராவதும் எளிதல்ல. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. எம்.டி. 3 ஆண்டு. அதற்கு மேல் டி.எம். நரம்பியல் 3 ஆண்டு. ஆக, பதினொன்றரை ஆண்டு!

பட்டத்துக்குப் பிறகும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. 1951இல் நான்கு டாக்டர்கள் சென்னையில் கூடி இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். வேலூர் ஜேக்கப் சாண்டி, சென்னை பி.ராமமூர்த்தி, எஸ்.டி.நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரே அந்த நால்வர். அன்று இந்தத் துறையில் இருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருவர் கண்டதை மற்றவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கூடினார்கள்.

டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்விக் கூட்டங்களில் கலந்துகொள்ள வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ விதி சொல்கிறது. ஆனால் அமெரிக்காவைப் போல மறு பரீட்சை இங்கே கிடையாது. கூட்டத்துக்குப் போனவர் கற்றுக்கொண்டாரா என்பது அவருடைய மனசாட்சியைப் பொறுத்தது.

உங்களுக்கும் ஒரு கேள்வி

டாக்டரின் பரீட்சை இருக்கட்டும். குடும்பத்தாருக்கும் ஒரு பரீட்சை உண்டு.

வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணுகிறது. ஒரு கை தூக்க முடியாமல் துவள்கிறது. பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று கண்டாலும் பக்கவாதமோ என்று சந்தேகப்பட வேண்டும். எண்ணெய் தடவிக்கொண்டு, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அங்கே டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "இவர் கடைசியாக நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு?"

ஊசி போடலாமா, கட்டியை இழுக்கலாமா என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கும் அந்தப் பதில் தெரியாது. வீட்டில் கூட இருந்தவருக்குத்தான் தெரியும். ஆகவே, மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்!